கெளுத்தியின் இடது கண்

விடியற்காலை மூன்றரை. கொகுரா.
கடைகளெல்லாம் பூட்டிப்போன ஒரு சந்தைத் தெருவுக்குள்
வீடியோ விளையாட்டில் மட்டுமே இருந்த ஊரை
ஒட்டுப்பலகையில் எழுப்பி வைத்திருக்கிறார்கள்.
பிப்ரவரிக் குளிருக்கு ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் என் முழங்காலை மட்டும் சுடுகிறது.

கதாநாயகன் குசாகா குப்புறப் படுத்திருக்கிறான்.
அவன் முதுகில் நான் கெளுத்தி வரைகிறேன்,
நாற்பத்தோராவது முறையாக.
தோள்பட்டையில் மீசை, இடுப்பில் வால்,
நடுவில் செதிலே இல்லாத கரிய உடம்பு.
மண்ணுக்கடியில் அது புரண்டால் ஊர் ஆடும் என்பார்கள்.
குசாகா குறட்டை விட்டால் கெளுத்தி ஆடுகிறது.

"விளையாட்டில் அதன் கண் இடப்பக்கம் பார்க்கும்"
என்கிறார் இயக்குநர் இனுகாய், செல்போனைப் பெரிதாக்கிக் காட்டி.
"மயிரிழை தப்பினாலும் ரசிகர்கள் என்னைப் புதைத்துவிடுவார்கள்."
இருபது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு.
அந்தக் கண் மொத்தமே ஒன்பது கட்டங்கள்.
ஒன்பது கட்டங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று
ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

அங்கே அடிவாங்கி விழுகிறவன் காசாகச் சிதறுவான்.
கத்திக்குத்துக்கு மருந்து ஒரு கிண்ணம் மாட்டிறைச்சிச் சோறு.
செத்தால், "தொடரவா?" என்று கேட்கும்.
இங்கே ஒரே ஒரு குத்துக்குப் பதினோரு டேக்.
விழுந்தவனுக்கு நிஜமாகவே மணிக்கட்டு பிசகி
ஆம்புலன்ஸில் போனான்.
அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாற்காலியில் மொமொஸே.
வயது அறுபத்தெட்டு. குளியல் காட்சியில்
பின்னால் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் மூன்றாமவர்.
மீன்சந்தையில் பெட்டி தூக்குகிறார், இருபத்தாறு வருஷமாக.
அதற்கு முன்னால் என்ன என்று யாரும் கேட்டிருக்கவில்லை.
சட்டையைக் கழற்றினார்.
நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

முதுகு முழுக்க ஒரு பியோனிப் பூ.
இடது தோளில் மட்டும் சிவப்பு ஏறியிருக்கிறது,
மீதியெல்லாம் வெறும் கோடு.
"காசு தீர்ந்துபோச்சு" என்றார்.
"அப்புறம் கும்பலே தீர்ந்துபோச்சு."

இனுகாய் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்தார்.
"பாதியில் நிற்கிறதே. திரையில் பொய்யாகத் தெரியும். மூடிவிடு."

மூடினேன்.
முதலில் ஆரஞ்சு, நீலக்கோட்டைக் கொல்ல.
அதன்மேல் அவர் தோலின் நிறம்;
அதைக் கலக்கவே முக்கால் மணி நேரம்.
பிறகு பவுடர், பிறகு தண்ணீர் புகாத பூச்சு.
ஒவ்வோர் இதழாகப் போயிற்று.
முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பிடித்தபோதும் பார்க்கவில்லை,
"சரி, சரி" என்று சிகரெட்டைத் தேடினார்.

அன்று ராத்திரி
குசாகாவின் முதுகை எண்ணெய் தோய்த்துத் துடைத்தெடுத்தேன்.
கெளுத்தி பஞ்சு பஞ்சாக வந்தது, ஒரு வாளி.
மொமொஸேயைத் தேடினால் ஆளில்லை.
"இன்னைக்கு மட்டும் இது இருக்கட்டும்" என்று
உதவிப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்,
கக்கத்தில் ஒரு துண்டோடு.

ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெந்நீர்க் கூடம் உண்டு.
வாசலில் பலகை:
பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை.

மறுநாள் வந்து உட்கார்ந்தார்,
காதுமடல் வரை வெந்த இறால் நிறம்.
பூச்சு தாங்கியிருந்தது, ஏறக்குறைய.
நடுமுதுகில், சொந்தக் கை எட்டாத இடத்தில்,
நார் வைத்து அழுத்தித் தேய்த்த தடம்.
அங்கே ஓர் இதழ் வெளியே வந்திருந்தது.

"யார் தேய்த்தது?"
"பக்கத்தில் இருந்தவர். தபால்காரராம்.
நானும் அவருக்குத் தேய்த்துவிட்டேன்."
"இதைப் பார்த்தாரா?"
"பார்த்திருப்பார்."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒரு நிமிஷம் கை நின்றது.
அப்புறம் தண்ணீர் ஊற்றினார்."

நான் ஆரஞ்சு டப்பாவைத் திறந்தேன்.
அந்தப் பக்கம் குசாகா தூக்கத்தில் புரண்டான்,
வால் இன்னும் காயாத கெளுத்தியோடு.
ஒட்டுப்பலகை ஊர் எங்கேயோ ஒருமுறை கிறீச்சிட்டது.