எழுபத்தொன்றாம் நிமிடம்

ரீகாவில் நவம்பர் கடைசி.
நாலு மணிக்கே தெருவிளக்கு எரியும்.
நாலாம் மாடி அறையில்
நாங்கள் மூன்று பேர்,
முனகிக்கொண்டே சூடேறும் ஒரு வெப்பக்குழாய்,
சர்க்கரை தீர்ந்துபோன காப்பி,
டிசம்பரில் வரப்போகும் ஒரு கார்ட்டூன்.

படத்தில் ஒரு வாத்து.
கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று கொழுக்க வைத்தது.
தனக்கேன் இத்தனை உபசாரம் என்று
பண்ணையில் அதற்கு மட்டும் தெரியாது.

என் கையில் ஸ்டாப்வாட்ச். மடியில் படிவம்.
ரத்தம் உண்டா, கெட்ட வார்த்தை எத்தனை,
பயம் எத்தனை நொடி,
பயந்தபின் ஆறுதல் வர எத்தனை நொடி.
பதினாறு வருடமாய் இப்படித்தான்
பிள்ளைகளின் நடுக்கத்தை
முன்கூட்டியே எண்ணி வைக்கிறேன்.

பன்னிரண்டு: கத்தி தீட்டும் சத்தம். கத்தி தெரியவில்லை.
முப்பத்துநாலு: நரி. பல் அதிகம்.
ஐம்பத்தெட்டு: அடுப்புக் கதவு திறக்கிறது.
பதினொரு நொடி
திரை முழுக்கச் செக்கச்செவேல்.
எழுபத்தொன்று: அமைதி. சிக்கல் இல்லை.

"பன்னிரண்டு வயதுக்கு மேல்" என்றார் இமான்ட்ஸ்.
சட்டம் படித்தவர்.
"வாத்தின் கண்ணில் நெருப்பு தெரிகிறது, கவனித்தீர்களா?"
குழந்தை மருத்துவர் ஸ்கைட்ரீட்டே
காப்பிக்குள் சிரித்தாள்.
"போன வருடம் உங்கள் பேரன்
வாத்துக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தானே,
நீங்கள்தானே படம் எடுத்துக் காட்டினீர்கள்?"
அவர் பதில் சொல்லவில்லை.
அடுப்பை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

அன்று தரை துடைக்க வந்த டைகா
மகனையும் கூட்டி வந்திருந்தாள்.
பள்ளியில் பேன் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
ஆர்வில்ஸ். ஐந்து வயது.
விதிப்படி அவன் உள்ளே வரக்கூடாது.
விதிகளுக்குத் தெரியாது
எங்கள் நடைக்கூடம் எவ்வளவு குளிரும் என்று.
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டான்.

முதலிலிருந்து ஓட்டினோம்.
நரிக்கு, தன் பல்லையெல்லாம் காட்டினான்.
அடுப்புக்கு, நாற்காலிமேல் ஏறி நின்று
"டேய் மக்கு வாத்து, பின்னாடி பாரு!"
வயிறு குலுங்கச் சிரித்தான்.
இமான்ட்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

எழுபத்தொன்று.
தப்பித்த வாத்து ஒரு மரக்கொட்டகையில்.
வெளியே பனி.
பாட்டில் மூடிகளைத் தட்டாக அடுக்கி
பட்டாணி பரிமாறுகிறது:
தனக்கு, எலிக்கு, ஒற்றைக்கால் சேவலுக்கு,
பிறகு இன்னொன்று.
யாருக்கென்று படம் சொல்லவில்லை.
அந்தத் தட்டுமேல் கேமரா
நாலு நொடி நிற்கிறது. காற்று.
பிறகு இசை வந்துவிடும்.

ஆர்வில்ஸ் இறங்கித் திரைக்குக் கிட்டே போனான்.
வாத்தின் நிழலுக்குள் அவன் தொப்பி.
"அந்தப் பட்டாணிய யாரு சாப்பிடுவாங்க?"

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று உண்டு.
பண்டிகை இரவில் தட்டில் மிஞ்சும்
ஒவ்வொரு பட்டாணியும்
வரும் வருடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர்.
கரண்டியால் வழித்துத் தின்போம்,
வயிறு வெடித்தாலும்.

டைகா வாளியோடு கதவில் நின்றாள்.
அவள் புருஷன் அயர்லாந்தில் காளான் கொட்டகையில்.
இரண்டு குளிர்காலமாய்ப் பணம் வருகிறது.

யாரும் வாய் திறக்கவில்லை.
ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்திருந்தேன்.

"நானே சாப்பிட்டுடுவேன்" என்றான்,
எங்களைத் திரும்பிப் பார்க்காமலே.
"என்னால ரெண்டு தட்டு முடியும்."

அனைத்து வயதினரும் பார்க்கலாம்:
முத்திரையை இமான்ட்ஸ்தான் குத்தினார்,
கொஞ்சம் கோணலாக.
அடுப்பைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

எல்லோரும் போனபின்
எழுபத்தொன்றுக்கு எதிரே எழுதியிருந்ததை அழித்தேன்.
சிக்கல் இல்லை என்பது போய்விட்டது.
வேறு என்ன எழுதுவது?
பென்சில் முனை தேயத் தேயப் பார்த்திருந்தேன்.
அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு
ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன்.

மேசைக்கடியில்
ஒரு சின்னக் கையுறை கிடந்தது.
எடுத்துக்கொண்டு
மாடிப்படியில் ஓடினேன்.