பன்னிரண்டு பெருக்கல் பதினெட்டு

செத்தது தடைக்காலத்தில்,
கடலுக்குப் போகாமல் எல்லோரும் கல்யாணம் வைக்கிற மாதத்தில்.
'டப்' என்று ஒரு சத்தம்,
கருகிய நண்டோட்டின் வாடை.
திரையில் பிரிஸ்கில்லாவின் மோதிரம்
பாதி விரலில் நிற்க, இருட்டானது.

கழற்றிப் பார்த்தேன்.
பச்சை பூத்த செம்புச் சுருள்,
உச்சி வீங்கிய இரண்டு கெப்பாசிட்டர்,
மூலையெல்லாம் உப்பு.
பாம்பனில் எதைத் திறந்தாலும் மூலையில் உப்புதான்,
அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.
ஆயிரத்து நூறு ரூபாய்க்கு நான் வாங்கிய பவர் சப்ளை
தனியாகச் சாகவில்லை,
போர்டையும் ஒரு ஹார்டு டிஸ்கையும்
கூட்டிக்கொண்டு போனது.

டிஸ்குக்கு வைத்தியம் பார்க்கிறவர்
பதினோரு நிமிடம் மீட்டுத் தந்தார்.
அதில் யாரும் தாலி கட்டவில்லை.
எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.
பதினோரு நிமிடமும்
அப்பளம் உடைகிற சத்தத்தோடு.
மாப்பிள்ளை ரெமிஜியுஸ் சிரித்துவிட்டான்.
பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை.
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

இந்த முறை கணக்குப் போட்டேன்,
பழைய ரசீது ஒன்றின் முதுகில்:
பிராசஸர் அறுபத்தைந்து என்கிறது,
எடிட்டிங் ஓடினால் தொண்ணூறு குடிக்கும்.
போர்டு, மெமரி, டிஸ்க், விசிறி சேர்த்து எண்பது.
கிராபிக்ஸ் கார்டு நூற்று எழுபது,
ஆனால் அது ஒழுங்கான ஆள் இல்லை,
கண்ணிமைக்கிற பொழுதில் இரண்டு பங்கு கேட்டுவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.
அந்த இரண்டாம் பங்கையும் எழுதிக் கூட்டினேன்.
ஐந்நூற்றுப் பத்து.

ராமநாதபுரம் கடையில் ஹபீபுல்லா
அறுநூறு வாட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார்.
"ஆயிரத்து நானூறுதான்."
தூக்கினேன்.
ஐஸ் உருகி ஓடின பெட்டி மாதிரி இருந்தது.
ஸ்டிக்கரில் உள்ளங்கை அகலத்துக்கு அறுநூறு.
அதன் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்:
பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு ஆம்ப்.
கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது
அந்த ஒரு இலையில்தான்.
பன்னிரண்டு பெருக்கல் பதினெட்டு,
இருநூற்றுப் பதினாறு.
"மீதி முந்நூற்று எண்பத்து நாலு எங்கே?" என்றேன்.
ஹபீபுல்லா பிடரியைச் சொறிந்துகொண்டு
மேல்தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார்.

ஐந்நூற்று ஐம்பது. நாற்பத்தைந்து ஆம்ப்.
நூறு வோல்ட்டிலும் வேலை செய்யுமாம்.
ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடுகிற ராத்திரிகளில்
எங்கள் தெரு நூற்று அறுபதுக்கு இறங்கும்.
தங்கத் தரம் என்று போட்டிருந்தது.
கல்யாணம் எடுக்கிறவள் நான்,
தங்கம் என்றால் திருப்பி முத்திரை பார்ப்பேன்.
பார்த்தேன். இருந்தது.
ஐயாயிரத்து எழுநூறு.
பில்லை அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டேன்,
உப்பு காகிதத்தையும் தின்னும்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
உச்சிப்புளி தாண்டும்போது கால் மரத்தது.
பாலத்தில் காற்று ஜன்னலை அறைய
பெட்டியை முந்தானையால் மூடினேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.

எலெக்ட்ரீஷியன் சூசைமுத்து
எர்த் குழியை எட்டிப் பார்த்தான்.
"கரியும் உப்பும் போட்டு..." என்று தொடங்கி,
மண்ணைக் காலால் கிளறி,
"கரி மட்டும் வாங்குங்க" என்றான்.

சுவிட்சைப் போட்டேன்.
திரை வந்தது.
பெட்டியின் விசிறி சுற்றவில்லை.
ஐயாயிரத்து எழுநூறும் நெஞ்சில் வந்து உட்கார,
பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டியபோதுதான்
கையேட்டில் படித்தது நினைவு வந்தது:
பாரம் குறைவென்றால் அது சும்மா இருக்கும்.

பதினோரு நிமிடத்தை ஓடவிட்டேன்.
அப்பளம் உடைந்தது. யாரோ ரசம் கேட்டார்கள்.
ஆறாம் நிமிடம், சட்டத்தின் ஓரத்தில்,
ஒரு தோளுக்கும் இன்னொரு தோளுக்கும் நடுவே
பிரிஸ்கில்லா குனிந்து
ரெமிஜியுஸின் இலையிலிருந்து
மீன் முள்ளைப் பொறுக்குகிறாள்.
எடுத்தவள் நான்தான். இதுவரை பார்த்ததில்லை.

நிறுத்தினேன். அந்த ஓரத்தைப் பெரிதாக்கி,
மங்கலைத் துடைக்கச் சொன்னேன்.
விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது.
கார்டு இரண்டு பங்கு கேட்டிருக்கும்.
கொடுத்தது.