பதினேழாம் இதழ்

பலூனுக்கு இருபது சதம்.
சத்தத்துக்குக் காசில்லை.
மீராலெவ்வைக் காக்கா இதைச் சொல்லும்போது
படியேறி வந்த மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கீழே இரும்புக்கடை. மேலே நாங்கள்.
ஒரு மேசை, ஒரு கால் ஊன்றாத இன்னொரு மேசை,
வாவிப் பக்கம் ஒரே யன்னல்.
திறந்தால் தாள் பறக்கும்.
மூடினால் வேர்வை சொட்டி மை ஊறும்.

படம் கீறினவர் சாமித்தம்பி.
குதிரையை நேரில் கண்டதில்லை,
வவுணதீவில் எருமைகளோடு வளர்ந்தவர்.
முதல் இதழில் எங்கள் வீரன் ஏறி வந்த குதிரைக்குக்
குளம்பு இரண்டாய்ப் பிளந்திருந்தது.
ஏறாவூரிலிருந்து ஒரு பிள்ளை தபாலட்டை போட்டது:
"மாமா, அது பால் தருமா?"
பாலைவனத்துக்குப் பின்னால் எப்போதும் குடும்பிமலை நிற்கும்.
அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் எழுத்து.
அவர் பலூனை முதலே கீறிவிடுவார், கோழிமுட்டை அளவில்.
அதற்குள் "தப்பித்துக்கொள்ளுங்கள்" நுழையாது.
வெட்டி வெட்டி "ஓடு" ஆக்குவேன்.
அதனால் என் வீரர்கள் மரியாதை தெரியாதவர்கள்.
நீதவானையும் நீ என்றார்கள்.

"ஐயோ" பலூனா சத்தமா என்று
ஒருநாள் காக்காவோடு சண்டை.
வாயால் வந்தால் பேச்சுத்தானே என்றேன்.
"கருத்து இருந்தால்தான் புள்ள பேச்சு."
மெஷின் பல்தசார் எண்ணெய்க் கையோடு எட்டிப்பார்த்து
"பாதியைக் குடுங்களன் லெவ்வை" என்றார்.
அன்றிலிருந்து ஐயோ பத்துச் சதம்.

மறுகா எண்பத்தைந்து.
கல்முனை பஸ்ஸை மறித்து
பதினாறாம் இதழ்க் கட்டை இறக்கிப் பிரித்தார்கள்.
அட்டையில் துவக்கு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் துவக்கு.
எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்குப்
படம் போதுமே.
கட்டோடு போன குலேந்திரன்
நாலாம் நாள் திரும்பி வந்தான்.
அதற்குப் பிறகு அவனோடு பேச
வலப்பக்கம் போய் நிற்கவேண்டும்.

பதினேழு வரைந்து முடிந்திருந்தது. தாள் கடன்.
காக்கா வெள்ளை மைப் போத்தலை என் முன்னால் வைத்தார்.
"துவக்கு எல்லாத்தையும் அழி."
"சத்தம்?"
"கிடக்கட்டும். அதை ஆர் பார்க்கப் போறான்."

இரண்டு இரவு, அரிக்கன் லாம்பில்,
இருநூற்றுப் பதினொரு துவக்கு.
அழித்த பின் பார்த்தால்
கொள்ளைக்காரர் ஐந்து பேர் வங்கிக்குள் நின்று
வெறும் விரலை மடக்கி எதையோ கேட்கிறார்கள்.
காசாளரின் இரண்டு கையும் மேலே.
அடுத்த கட்டத்தில் டுமீல்.
ஆள் விழுந்து கிடக்கிறான்.
சுட்டது யார் என்று தெரியவில்லை.
சாமித்தம்பி அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்தார்,
பிறகு வெற்றிலை வாங்கப் போனார்.

இதழ் போய்ச் சேர்ந்தது.
தபாலில் பக்கங்கள் திரும்பி வரத் தொடங்கின,
கிழித்து, மடித்து, வெள்ளை இடங்களை நிரப்பி.
கொள்ளைத் தலைவன் கையில் ஐஸ்பழம்.
ஒருவனிடம் விசிறி, ஒருவனிடம் உயிர் இறால்.
காத்தான்குடிப் பிள்ளை ஒன்று ஐந்து பேருக்கும்
ஆளுக்கொரு தயிர்ச்சட்டி கொடுத்திருந்தது.
பல்தசார் சிரித்துச் சிரித்து
மெஷினை நிற்பாட்டிவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தார்.

ஒரு பக்கத்தில் மட்டும் துவக்கு.
பென்சிலில், ஆறுதலாக வரைந்தது.
வார் கொழுவும் வளையம், ரவைக்கூட்டின் வளைவு,
விசைக்கு மேலே அந்தச் சின்ன நெம்பு.
அனுப்பியவர் பெயர் இல்லை. 'ஆண்டு ஐந்து' என்று மட்டும்.
சாமித்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"இவன் கண்டு கீறியிருக்கிறான்."

காக்கா அதை வாங்கி நாலாய் மடித்து
சாரத்து மடிக்குள் செருகினார். மறுகா நாங்கள் காணவில்லை.

பதினெட்டு வரவில்லை.
எனக்கு வரவேண்டிய பாக்கி
பழைய கொப்பியில் இன்னும் கிடக்கிறது.
பலூன் எல்லாம் தீர்த்துவிட்டார்.
அழித்ததற்குக் கணக்கு இல்லை, நானும் கேட்கவில்லை.
நாற்பத்தொரு ஐயோ மட்டும் நிலுவை.
நாலு ரூபாய் பத்துச் சதம்.