பதிலுக்கு வந்தது

ஃபகிள் தீர்ந்துவிட்டதாம்.
பெங்களூர்க்காரனிடமிருந்து ஒருவரித் தகவல்:
ஸ்டாக் இல்லை மேடம், கேஸ்கேட் அனுப்பட்டுமா?

கேஸ்கேட் எனக்குத் தெரியும்.
போன மார்கழியில் போட்டுப் பார்த்து
சமையலறை முழுக்கப் பம்பளிமாஸ் தோல்.
நான் கேட்டது அதுவல்ல.
மழை விட்ட மறுநாள்
கடலைக்கொடியைப் பிடுங்கினால்
வேரோடு ஒரு வாசம் வருமே,
பச்சையும் மண்ணும் பிரியாமல்,
அதற்குக் கிட்டத்தில் ஏதாவது.

குழிஞ்சாம்பாறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
விடிந்ததும் தென்னங்கள்ளு
வண்டி வண்டியாய்த் தெற்கே போகிற ஊரில்
ஒருத்தி
முளைகட்டிய பார்லியைப் பதமான சூட்டில் ஊறவைத்து
இங்கிலாந்துக் கசப்பு கிடைக்கவில்லையென்று
தூக்கம் கெட்டுக் கிடக்கிறாள்.
ஏன் என்றால் என்னிடமும் பதில் இல்லை.
கள்ளு யாருக்கும் காத்திராது,
மதியத்துக்குள் வேறு ஆளாகிவிடும்.
இது மூன்று வாரம் கேட்கிறது.
எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஆறு வருஷமாய் கெஸ்ட் டீச்சர்.
வேதியியல், தமிழ் மீடியம், தினக்கூலி.
ஒருவருக்குப் பிரசவம், ஒருவருக்குக் கால்முறிவு.
அவர்கள் நாற்காலி, அவர்கள் டஸ்டர்,
பதிவேட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில்
பென்சிலால் நான்.
லிஸி டீச்சர் இப்படிச் சொல்லித்தர மாட்டாங்களே என்று
முதல் மணியிலேயே ஒரு பையன் சொல்லிவிடுவான்.

பதிலுக்கு வேறென்ன உண்டென்று துருவினேன்.
வில்லமெட், ஃபகிளின் மகள்,
அமெரிக்காவில் வளர்ந்தவள்,
சாயல் உண்டு, பூவாசம் கொஞ்சம் தூக்கல்.
அடுத்தது ஸ்டிரியன் கோல்டிங்ஸ்.
இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பெயர்தான் கோல்டிங்ஸ்,
எப்போதோ கடல்தாண்டிக் கொண்டுபோய் நட்ட
ஃபகிள் கொடியேதான் அது.
யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள்.
கொடி திருத்தப் போகவில்லை.

நானும்தான்.
ஞானஸ்நானத்தில் அமலோற்பவம்,
ரேஷன் கார்டில் அமலா பாவம்.

பொள்ளாச்சி கூரியர் ஆபீசில் பொட்டலம் வாங்கி
நாலேகால் பஸ்ஸில் திரும்பினேன்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஏறிய இளைஞன்
வெள்ளிக் கவரைப் பிரித்து மோந்து பார்த்தான்.
எந்தா சேச்சி இது?
கசப்புக்கு, என்றேன்.
ஷுகருக்கா?
என் தலை ஒரு மாதிரி ஆடியது.
அவன் அம்மைக்கும் உண்டாம்.
பாகற்காய் ஜூஸ்தான் கேட்குமாம், வெறும் வயிற்றில்.
கவரை மடித்து
என் மடியிலேயே பத்திரமாய் வைத்துவிட்டு இறங்கினான்.

ராத்திரி கணக்கு.
குறிப்பில் நாலரை சதவீதம், இருபத்தெட்டு கிராம்.
வந்திருப்பது மூன்றரை.
பெருக்கி வகுத்தால் முப்பத்தாறு வேண்டும்.
தராசில் முப்பதுதான் நின்றது.
மீதி ஆறுக்கு
கொல்லையில் நிலவேம்பு இருந்தது.
டார்ச்சோடு போய் ஒரு கொத்து கிள்ளிக்கூட வந்தேன்.
போடவில்லை.
குறைந்தால் குறையட்டும்.

வாளையாரிலிருந்து கணவாய்க் காற்று
ராவெல்லாம் கதவை உதைக்கிற மாசம்.
டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கு.
சாக்கு காயக் காய எழுந்து தண்ணீர் தெளித்தேன்.
மூன்றாம் நாள் ட்யூபில் குமிழ் எண்ணிக்கொண்டிருக்கையில்
ஹெட்மாஸ்டர் போன்:
லிஸி டீச்சர் திங்கட்கிழமை ஜாயின் பண்றாங்க.
சரி சார், என்றேன்.
நிமிஷத்துக்கு இருபத்திரண்டு.
எண்ணிக்கை விட்டுப்போகவில்லை.

பாட்டிலில் அடைத்து, அதுவும் இரண்டு வாரம்.
ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து
கதவைத் தாழிட்டு ஒன்றைத் திறந்தேன்.
நிறம், எங்கள் குளத்தில் சாயங்காலத் தண்ணீர்.
கசப்பு தாமதமாய் வந்து
நாக்கின் ஓரத்தில் நின்றது.
மண் இருந்தது.
கடலைக்கொடியா?
இல்லை, இது வேறு ஏதோ கொடி,
எந்த வயலில் என்று தெரியவில்லை.
கிளாஸைத் தூக்கித் தூக்கி
குறிப்போடு ஒத்துப்பார்த்தேன்.

இரண்டாவது கிளாஸில்
ஒத்துப்பார்க்க மறந்துபோயிற்று.