ஒட்டுக் குச்சி

மருந்து ஏறும்போது உடம்பு கொதிக்கும்,
மூத்திரம் போய்விட்டதுபோல் இருக்கும், போயிருக்காது,
மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று
நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவன் நான்.
அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவள்
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கெங்கம்மா.
கவரிங் வளையல்களைக் கழற்றி
வாரத்தில் மூன்று நாள் மிஷினில் கிடக்கும் தம்பியின்
சட்டைப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

திரையில்
இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.
ஒன்று என்றும் சொல்ல முடியாது.
இடமும் வலமும் அடிநுனியில் கைகோத்து
முதுகெலும்புக்குக் குறுக்கே பாலம் கட்டியிருந்தன.
குதிரை லாடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஐநூறு பேரில் ஒருவருக்கு உண்டாம்.

டாக்டர் பெனிட்டா பொறுமையாகச் சொன்னார்:
வயிற்றுப் பிள்ளைக்குச் சிறுநீரகம் இடுப்பில்தான் உருவாகும்,
பிறகு மெல்ல ஏறி விலாவுக்கடியில் குடிபோகும்.
உங்களுடையவை கிளம்பும்போதே ஒட்டிக்கொண்டன.
குறுக்கே ஒரு ரத்தக்குழாய்,
அதில் தட்டி அங்கேயே நின்றுவிட்டன.
உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.
ஆனால் பிரித்துக் கொடுக்க முடியாது.

கெங்கம்மா நடுவில் ஒருதரம் என்னைப் பார்த்தாள்,
நான்தான் ஒட்டவைத்தவன் என்பதுபோல.
"தீப்பெட்டி கம்பெனியில மருந்து முக்கசொல்ல
ரெண்டு குச்சிக்குத் தல ஒட்டிக்கும் சார்.
பொறுக்கிக் கழிவுல போட்டுடுவோம்.
உரசினா நல்லாத்தான் எரியும்.
இன்னா, சேந்துதான் எரியும்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
யாருக்கும் கூடச் சிரிக்கத் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு படிவம் வந்தது.
அந்த லாடத்துக்கு ரத்தக்குழாய் ஏழு,
ஏழும் ஏழு இடத்திலிருந்து.
எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.
பேர் வராது, முகம் வராது, ஊர்கூட வராது.
நாற்பத்தொரு வயதுப் பெண் என்று தொடங்கும்,
தற்செயலாகக் கண்டறியப்பட்டது என்று போகும்.

"தற்செயலாவா?" என்றாள்.
"ரெண்டு நாள் கூலி போச்சு.
மாமியாகிட்ட சண்ட போட்டு,
ஊட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கி,
வெறும் வயித்தோட வந்துகிறேன்.
குடுக்க வந்தவன்னு போடுங்க."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வைகாசி முதல் நாள் அவள் ஊரில்
வெட்டுண்ட சிரசு தெருத்தெருவாய்ப் போய்
வேறொருத்தியின் உடம்பில் பொருந்தும்.
தேங்காய் மலைமலையாய்ச் சிதறும்.
ரத்தப் பொருத்தம் யாரும் பார்ப்பதில்லை.
போன வருஷம் கூட்டத்தில் தம்பியை
இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாளாம்,
முப்பத்தைந்து வயதுக்காரனை.
அவ்வளவு இளைத்திருந்தான்.

கையெழுத்துப் போட்டாள்.
படிவத்தின் ஓரத்தில்,
யாரும் கேட்காத இடத்தில்,
லோகுவோட அக்கா என்று எழுதினாள்.

வெளியே பெஞ்சில் அவன்
எதுவும் கேட்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
அவளுடைய கையில் தானே மாட்டிவிட்டான்.
நாலாவது வளையல் முட்டியில் சிக்கியது.

அடுத்த ஆள் படுத்தாயிற்று.
மூச்சைப் பிடியுங்கள் என்றேன்.
விடச் சொல்ல
கொஞ்ச நேரம் ஆயிற்று எனக்கு.