முதலில் பேச வேண்டியவள்

இரட்டைப் பத்து.
ஒன்று ஆட்டின், ஒன்று இஸ்பேட்.
நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுக்கவைத்தேன்,
தூங்கும் பூனையின் காதை விடுவதுபோல.

அரசனும் இல்லை, ஆண்டியும் இல்லை இந்தப் பத்து.
வீசி எறிய மனம் வராத,
மாற்றச் சில்லறை கிடைக்காத நோட்டு.

ஓஸ்த்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
இன்று விடுப்பு.
எல்லைச் சாலையில், லாரிகள் உறங்கும் இடத்துக்குப் பின்னால்
இந்தச் சூதாட்ட விடுதி. ஜன்னல் கிடையாது.
பதினான்கு பேர் மிச்சம்.
பன்னிரண்டு பேருக்குத்தான் பணம்.
மேஜை மூலையில் ஓல்ட்ரிஹ்,
மூன்றே சில்லுகளை உள்ளங்கையில் அடைகாத்துக்கொண்டு,
வேறு யாராவது சாகட்டும் என்று காத்திருக்கிறார்.

பட்டனில் ஹைனெக். உர வியாபாரி.
“ஒன்பதாயிரம்” என்றான்,
விலை விசாரிப்பவன்போல.

நான் பெரிய பிளைண்டில்.
திருப்பி ஏற்றியிருக்கலாம்.
மொத்தத்தையும் தள்ளியிருக்கலாம், பத்துக்கு அது பாவமில்லை.
பயமா கணக்கா, இன்றுவரை தெரியாது:
கேட்டதைக் கொடுத்து உள்ளே போனேன்.
இனி ஒவ்வொரு தெரு முனையிலும்
முதலில் பேச வேண்டியவள் நான்.

யிட்கா மூன்று சீட்டைத் திருப்பினாள்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
எட்டு, ஐந்து, இரண்டு.
எல்லாம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள்.
மேஜையைத் தட்டினேன்.
சொல்ல ஒன்றுமில்லை என்றும் பொருள்,
நீ சொல், கேட்கிறேன் என்றும் பொருள்.
பச்சைத் துணி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.
எட்டாயிரம். கொடுத்தேன்.

நான்காவது, கிளாவர் ராணி.
பரிசோதகர் ஏறியதும்
டிக்கெட் எடுக்காதவர்கள் கதவுப் பக்கம் நகர்வார்களே,
அப்படி நகர்ந்தன என் பத்துகள்.
தட்டினேன்.
இருபத்துநாலாயிரம், எண்ணாமலே வெட்டி வைத்தான்.
எதிரே சைக்கிள்காரன் வந்தால்
திரும்புவானா மாட்டானா என்று
தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இங்கே தோள் இல்லை,
இஸ்திரி போட்ட சட்டை மட்டும்.
கொடுத்தேன்.

கடைசிச் சீட்டு
டைமன் ராஜா.

ஓல்ட்ரிஹ் எழுந்தே நின்றுவிட்டார்,
என் சவப்பெட்டிக்கு முன்வரிசை பிடிப்பவர்போல.
மூன்றாம் முறை தட்டினேன்.
கதவு திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு
தட்டுகிற தட்டல் அது.

“எல்லாம்” என்றான் ஹைனெக்.

அவனிடம் ராணி இருக்கலாம். ராஜா இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமல்
என் மூன்று தட்டல்களை மட்டும் பொறுக்கி
அவற்றின் மேலேயே வீடு கட்டியிருக்கலாம்.
நான் பேசாமல் விட்டதைத்தான்
அவன் எனக்கே திருப்பி விற்கிறான்.
மிச்சம் அறுபத்தொன்பதாயிரம் சில்லு.
வீட்டில் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பில்.
ஒரு ஷிப்டு நேரம் யோசித்தேன்;
யிட்காவின் கடிகாரத்தில் ஐம்பது நொடி.

சீட்டைக் குப்புறத் தள்ளினேன்.
அவனும் குப்புறவே தள்ளினான்.
பிளாஸ்திரி விரல் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளியது.
அந்தக் குவியலுக்குள்
என் பத்துகளும் அவனுடைய எதுவோ இரண்டும்
எங்களுக்குச் சொல்லாமல்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓல்ட்ரிஹ் உட்கார்ந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த கை குப்பை, விட்டேன்.
அதற்கடுத்து அந்த வெள்ளை வில்லை
நகர்ந்து வந்து என் முன்னால் நின்றது.
எல்லாரும் பேசி முடித்தபின் பேசும் இடம்.
கேட்டு, அளந்து, நிதானமாக
பத்து வந்திருந்தால் எத்தனை சொல்லியிருப்பேன்.

ஓரத்தைத் தூக்கினேன்.
ஏழு. மூன்று.
ஒரே பூ கூட இல்லை.

வரிசையாக எல்லாரும் விலகினார்கள், ஹைனெக்கும்.
“ஒன்பதாயிரம்” என்றேன்,
விலை விசாரிப்பவள்போல.

இரண்டு இருக்கை தள்ளி, பெரிய பிளைண்டில், ஸ்வாதவா
தன் சீட்டுகளைப் பார்த்தாள்.
மறுபடி பார்த்தாள்.
மெதுவாகப் படுக்கவைத்தாள்.