லக்கேஜ்

நாகமலை முதுகில் பதினொன்றரை.
கருவேல நுனியில் கட்டிய சிவப்பு ரிப்பன்
காலையிலிருந்து என் பக்கம் நீண்டு படபடத்தது.
இப்போது பள்ளத்தைக் காட்டுகிறது,
போ, போ என்பதுபோல்.

கொக்கிகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாயிற்று.
கால்பட்டை, நெஞ்சுப்பட்டை, ஹெல்மெட்.
காற்று மட்டும் கட்சி மாறிவிட்டது.

"பொறு, திரும்பிரும்" என்கிறான் தவசி.
திரும்பியது.
மறுபடி மாறியது.
கீழே கரடிப்பட்டிப் பக்கம் ஒரு புழுதிச்சுழல்
தென்னை உயரம் எழுந்து
மின்கம்பியில் உடைந்தது.

நான் பட்டையை அவிழ்த்தேன்.
வெகுநேரம் கழித்து
தவசியும்.

செக்கானூரணி பஸ்ஸில் கண்டக்டர்
மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
லக்கேஜ் போட்டார், இருபது ரூபாய்.
"உள்ள என்னம்மா இவ்வளவு கனம்?"
"றெக்கை."
சிரித்தார்.
மீதிச் சில்லறையை
இறங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.